மாமி கேட்ட சத்தம்

காலையில சுபுஹு தொழுதுட்டு ஒரு தடவை, சாயங்காலம் கடையிலேர்ந்து வந்ததும் ஒரு தடவை, என் பொஞ்சாதி என் முதுகுல அடிப்பா. கதவைச் சாத்திக்கிட்டுத்தான். நான் கட்டில்ல குப்புறப் படுத்து, இடுப்புக்கு மேல உள்ள உடம்பைக் கீழே சரிச்சு விட்டு, ரெண்டு கையையும் தரையில ஊணிக்கிட்டு வவ்வாலு மாதிரி தொங்குவேன். வாயில துண்டு. அவ கையைக் குழிச்சுக்கிட்டு விலாவுக்குப் பின்பக்கம் ஆரம்பிப்பா. கையைக் குழிச்சு அடிச்சா வலி கம்மி, சத்தம் ஜாஸ்தி. இருமல் வெளிய கேட்டுரக் கூடாதுன்னு துண்டைத் திணிச்ச புத்திசாலிங்க நாங்க. அந்த அடி வெளிய கேக்கும்ங்கிறது எங்க ரெண்டு பேருக்குமே உறைக்கலை. இன்னைக்கும் அதை நெனச்சா தலையில அடிச்சுக்கத் தோணுது.

எல்லாம் இந்த நெஞ்சாலதான். சின்ன வயசுல எனக்குக் கக்குவான் இருமல் வந்துச்சாம். புள்ளை பொழைக்காதுன்னு உம்மா நேர்ச்சையெல்லாம் வச்சுருக்காங்க. பொழைச்சேன். ஆனா சளி போகலை. காலையில எந்திரிச்சா ஒரு கிண்ணம் நிறைய வரும், பச்சையும் மஞ்சளுமா. அதுல ஒரு வாடை. சொந்த மூச்சையே சகிச்சுக்க முடியாதவன் எப்படி இருப்பான்? ஆளுங்ககிட்ட பேசும்போது மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் பேசுவேன். திமிர் புடிச்சவன்னு பேர் வந்துச்சு. ஐப்பசி மழை இறங்குச்சுன்னா காய்ச்சலும் கூடவே இறங்கும். நிரவிப் பக்கத்து வயலெல்லாம் தண்ணி கட்டி நிக்கிற மாதிரி என் நெஞ்சுலயும் கட்டி நிக்கும்.

உம்மா இதை மறைச்சுத்தான் எனக்கு நிக்காஹ் முடிச்சாங்க. பிரெஞ்சுக்காரன் கொடி எறங்கி நம்ம கொடி ஏறுறதுக்கு முந்தின வருஷம். எங்க சனங்கள்ல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குக் குடிபோவான். அப்ப யோசிச்சுப் பாருங்க, ஊரான் வீட்டுக்கு என் சளியையும் தூக்கிக்கிட்டுப் போறேன். "அங்கன போயி எச்சி துப்பிக்கிட்டு நிக்காதே வாப்பா, முழுங்கிடு"ன்னு உம்மா சொல்லி அனுப்புனாங்க. நான் முழுங்குனேன். முழுங்கிட்டு சிரிச்ச மூஞ்சியா உக்காந்திருப்பேன்.

பொஞ்சாதிகிட்ட அது செல்லுமா? நான் குடிபோன ஒரு வாரத்துக்குள்ள என் கையைப் புடிச்சுப் பாத்தா. "ஏன் மச்சான், உங்க விரல் நுனியெல்லாம் மேளக் குச்சி மாதிரி உருண்டு இருக்கு?"ன்னா. பேச்சை மாத்துனேன். விடலை. கடைசியில அழுதுகிட்டே எல்லாத்தையும் சொன்னேன். என்னை ஏமாத்திட்டீங்களேன்னு கத்துவான்னு பாத்தேன். அவ என் கையை விடாம, "முழுங்குறதை மொதல்ல நிறுத்துங்க, கேக்கவே குமட்டுது"ன்னா. அப்படிப்பட்டவ.

தருமபுரத்துல ஒரு டாக்டர் இருந்தாரு. சைகோன் பட்டாளத்துல வேலை பாத்துட்டு வந்தவரு. தமிழ் பேசுவாரு, நடுவுல பிரெஞ்சும் வந்து விழும். அவ புர்கா போட்டுக்கிட்டு, உறவுக்காரங்க வீட்டுக்குப் போறதா சொல்லி, என்னை அங்க இழுத்துக்கிட்டுப் போனா. அவரு சளியைச் சோதிச்சாரு, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிப் பாத்தாரு.

"க்ஷயம் இல்லை. டி.பி. கிருமி இதுல இல்லவே இல்லை"ன்னாரு. எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. உடனே அடுத்ததைப் போட்டாரு. "ஆனா இது போகாது. நெஞ்சுக் குழாய் அங்கங்க விரிஞ்சு பை மாதிரி ஆயிருச்சு. சளி அதுல தேங்குது. தேங்குன எடத்துல கிருமி குடித்தனம் பண்ணுது. காய்ச்சல் வந்தா பென்சிலின் ஊசி போடுறேன், அடங்கும். மறுபடி வரும். தேங்க விடாம தெனம் வடிச்சாத்தான் நீ நடமாடலாம். வடிக்கலைன்னா நுரையீரல் கொஞ்சங்கொஞ்சமா அழுகிப் போகும்."

எப்படி வடிக்கிறதுன்னு என்னைக் கட்டில்ல தொங்க விட்டுக் காட்டுனாரு. அவ முகமே மாறிப் போச்சு. "புருஷனைக் கை நீட்டி அடிக்கிறதா? எனக்குப் பாவம் வந்து சேருமேங்க!"

"அடிக்கலைன்னாத்தாம்மா பாவம்"ன்னாரு அவரு.

வெளிய வந்து வண்டியில ஏறினதும் அவ வேற ஆளா மாறிட்டா. "இனிமே என்கிட்ட வாலாட்டாதீங்க மச்சான். உங்களை அடிக்க டாக்டரே உத்தரவு கொடுத்துட்டாரு." முக்காட்டுக்குள்ள சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு. மருதாணி கூட அழியாத கை அது. அந்தக் கையால என் சளிக்கு மடை திறக்க வேண்டி வந்துச்சேன்னு இருந்துச்சு.

க்ஷயம் இல்லைன்னு டாக்டரே சொன்ன பிறகு எதுக்கு ஒளிச்சீங்கன்னு நீங்க கேக்கலாம். அன்னைக்கு நெஞ்சுல சீக்குன்னா ஊருக்குத் தெரிஞ்சது ஒரே பேருதான். டாக்டர் சொன்னதை யாரு காதுல வாங்குவா? அதோட, வீட்டுல என் கொழுந்தியா இருந்தா, கல்யாண வயசுல. எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் என் இருமலை விசாரிக்க அடிக்கடி வருவான். வந்தா என் மூஞ்சியைப் பாக்க மாட்டான், நடுவீட்டுத் திரையையே பாத்துக்கிட்டிருப்பான். திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேக்கும். "டேய், இருமுறவன் இங்கன இருக்கேன்டா"ம்பேன். காது சிவந்து போகும் அவனுக்கு. நல்ல புள்ளை, என்னை விட ஆயிரம் மடங்கு நல்லவன். அவனுக்கு அந்தப் பொண்ணையே கேக்கணும்னு உம்மாவுக்கும் ஆசை. என் சீக்கு பொஞ்சாதியைப் பெத்த மாமிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? ஒரு மவளை சீக்கு ரத்தத்துல கொடுத்தது போதாதா, இன்னொருத்தியையும் கொடுக்கணுமான்னு கேப்பாங்க. தம்பி நிக்காஹ் முடியுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு நாங்க ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டோம்.

ஒளிக்கிறதுன்னா சும்மாவா? சளியைத் துப்பப் படிக்கம் வேணும். ரூமுல படிக்கம் எதுக்குன்னு கேள்வி வரும். அதனால நான் வெத்திலை போடப் பழகுனேன். வெத்திலைச் சிவப்புல எப்பவாவது ரத்தம் கலந்தாலும் தெரியாது. இருமலுக்குக் காரணம் வேணுமே? சிகரெட் வாங்கி விரல்ல இடுக்கிக்கிட்டுத் தெருவுல நின்னேன். இழுத்ததே இல்லை, இழுத்தா செத்துருப்பேன். காலையில ரூமை விட்டு வெளிய வர நேரமாகுமா, சோம்பேறின்னு பேரு. சீக்காளிங்கிற பேருக்குப் பயந்து, வெத்திலை, சிகரெட்டு, சோம்பல்னு ஒரு போக்கிரிப் பேரை நானே தேடித் தேடிச் சேத்துக்கிட்டேன். புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

மாமாவும் ஊருல இல்லை. கடல் தாண்டி சபர் போயி சைகோன்ல கடை வச்சிருந்தாங்க. இங்க இருந்த ஜவுளிக் கடை என் பொறுப்பு. வீட்டுல மாமிதான் எல்லாம். ஆனா மாமி என் முன்னால வர மாட்டாங்க. மாமியாரு மருமவன் முன்னால வர மார்க்கத்துல ஒரு தடையும் இல்லை. மரியாதைன்னு எங்க குடும்பங்கள்ல வச்சுக்கிட்ட வழக்கம் அது. கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, "மாப்புளைக்கு இன்னொரு துண்டு மீனு வைக்கவான்னு கேளு"ன்னு மவளை விட்டுக் கேப்பாங்க. நானும் அவளைப் பாத்தே பதில் சொல்வேன். ஒரே வீட்டுல இருந்தும் நாங்க ரெண்டு பேரும் நேருக்கு நேரா ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்லை.

கொஞ்ச நாள்ல சாப்பாடு கூடிப் போச்சு. கருக்களாச்சேரியிலேர்ந்து வர்ற மீன்காரம்மாகிட்ட நல்ல கொடுவாயா பாத்து எனக்குன்னு எடுத்து வைப்பாங்க. எறால் பொரியல், ஆட்டுக்கால் சூப்பு, முட்டை. "மாப்புளை கோவப்படாம இருக்கணும், பாத்துப் பதமா நடந்துக்க புள்ள"ன்னு மவளுக்குப் புத்தி வேற. கேட்டு எங்களுக்குப் பயம் வந்துருச்சு. சீக்கு தெரிஞ்சு போச்சு, சத்துக்காகத்தான் போடுறாங்க, வாய்விட்டுக் கேக்க மனசு வராம இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டோம். பொய்யன் நான், எனக்குப் போயி கொடுவா மீனு.

ஒருநாள் மாமி அவ கையைப் புடிச்சுப் பாத்திருக்காங்க. "உள்ளங்கை ஏன்டி இப்படிச் செவந்து கெடக்கு?" அம்மியில அரைச்சேன்னு சொல்லியிருக்கா. அன்னைக்கு அம்மியைத் தொட்டவங்க மாமிதான். வேற ஒண்ணும் கேக்காம போயிட்டாங்களாம்.

நோம்புப் பெருநாள் கழிஞ்சதும் உம்மா சீனி, வாழைப்பழமெல்லாம் எடுத்துக்கிட்டுப் பொண்ணு கேட்டு வந்தாங்க. யோசிச்சுச் சொல்றேன்னாங்க மாமி. யோசிச்சு, மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. காரணம் கேட்டதுக்கு, அவ சின்னப் புள்ளைன்னு பதில். அந்தச் சின்னப் புள்ளையை அடுத்த பெருநாளுக்கு முந்தியே நாகூர்லேர்ந்து ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடிச்சுட்டாங்க. நிக்காஹ் அன்னைக்கு நான்தான் முன்னால நின்னு பந்தி விசாரிச்சேன். விசாரிக்காம என்ன செய்ய, மூத்த மருமவனாச்சே. உள்ளே பொண்ணு அழுகையை நிறுத்தலைன்னு என் பொஞ்சாதி வந்து சொன்னா. பிறந்த வீட்டை விட்டே போகாத வழக்கத்துல, ரூமு மாறுறதுக்கு யாராவது அவ்வளவு அழுவாங்களா?

தம்பி துணிமணியைக் கட்டுனான். சைகோன் போறேன்னு கெளம்பிட்டான். பஸ் ஏத்தி விடப் போனப்ப நான்தான் தாங்க முடியாம சொன்னேன். "என் சீக்கு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சுடா. என்னாலதான் எல்லாம்." அண்ணனை நானான்னு கூப்பிடுறது எங்க வழக்கம். அவன் என் தோளைப் புடிச்சு, "விடுங்க நானா, சீக்கு நீங்க கேட்டு வாங்குனதா? உடம்பைப் பாத்துக்கங்க"ன்னான். திட்டியிருந்தா தேவலை. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை இருமும்போதும் தம்பி மொகம் வந்து நிக்கும். என் நெஞ்சுல ஊறுற அழுக்கு அவன் வாழ்க்கையில போயி வடிஞ்சுருச்சேன்னு நெனப்பேன். சில நாள் வடிக்கவே வேணாம், அழுகட்டும்னு படுத்துக் கெடப்பேன். அவ விட மாட்டா. "தொங்குங்க மச்சான்"னு தரதரன்னு இழுத்துப் போடுவா.

கொழுந்தியா நிக்காஹ் முடிஞ்சும் நாங்க ஏன் கதவைத் திறக்கலைன்னா, பழக்கம்தான். பொய்யும் பழகிப் போகும்.

அடுத்த மழைக்கு எனக்குக் காய்ச்சல் கடுமையா வந்துச்சு. அவ அப்ப மாசமா இருந்தா, வயிறு தள்ளிருச்சு. மூச்சு வாங்க வாங்க அடிச்சா. திடீர்னு எனக்குக் குபுக்குன்னு வந்துச்சு. பாத்தா துண்டெல்லாம் ரத்தம். அவ "யா அல்லா!"ன்னு அலறிட்டா. மறு நிமிஷம் கதவு தாழ்ப்பாள் தெறிச்சுச்சு. மாமி உள்ளே நிக்கிறாங்க. தலையில முக்காடு இல்லை, கையில அகப்பை. கொழம்பு சொட்டுது. நான் கட்டில்லேர்ந்து தலைகீழா தொங்குறேன். அவங்க மவ கையை ஓங்கிக்கிட்டு நிக்கிறா.

மாமி என்னைப் பாத்தாங்க, மவளைப் பாத்தாங்க. "அடிப்பாவி, நீயாடி அடிக்கிற?"ன்னாங்க.

வேற நேரமா இருந்தா மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சுருப்போம். அவ அழுதுகிட்டே எல்லாத்தையும் கொட்டுனா. சீக்கு, டாக்டர், வெத்திலை, சிகரெட்டு, எல்லாத்தையும். மாமி கட்டில் காலைப் புடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. முதல் தடவையா என் மொகத்தைப் பாத்துப் பேசுனாங்க.

"நான் எம் மவளை நீங்க போட்டு அடிக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன் மாப்புள. வாயில துணியை அடைச்சுப் போட்டு அடிக்கிறீங்கன்னு. காலையில கேக்கும், சாயங்காலம் கேக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு ஒவ்வொரு அடிக்கும் துடிச்சுப் போவேன். யாருகிட்ட கேக்குறது? உங்ககிட்ட கேக்க முடியுமா? இவகிட்ட கேட்டா இவ அம்மி அரைச்சேங்கிறா. வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டாலாவது கையை நீட்டாம இருப்பீங்கன்னு ஆக்கிப் போட்டேன்."

நான் கையை ஊணி எந்திரிச்சு உக்காந்தேன். அவங்க மறுபடியும் பேசுனாங்க. மெதுவாத்தான்.

"சீக்குன்னு சொல்லியிருந்தா உங்க தம்பிக்கு எம் மவளைக் கொடுத்திருப்பேனே வாப்பா. சீக்கு அல்லா கொடுக்குறது, யாருக்கு வராது? அடிக்கிற ஆளுக்குத் தம்பின்னுதானே மாட்டேன்னேன்."

ஊசி போட டாக்டர் வீட்டுக்கே வந்தாரு. பத்து பதினஞ்சு நாள் பென்சிலின் போட்டு அடக்குனாரு. நான் பொழைச்சேன். பொழைக்கிறது மட்டும் எனக்கு நல்லா வரும். படுத்துக் கெடந்த நாளெல்லாம் ஒரே நெனப்புதான். இத்தனை நாள் என் சீக்கு தம்பி வாழ்க்கையைக் கெடுத்துருச்சுன்னு அழுதேன். அதுலயாவது ஒரு சால்ஜாப்பு இருந்துச்சு, சீக்கை நான் கேட்டு வாங்கலையே. கெடுத்தது சீக்கு இல்லை, நான் சாத்துன கதவு. ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தா அவன் இந்த வீட்டுலயே மாப்பிள்ளையா உக்காந்திருப்பான். கொழுந்தியாளுக்கு வாச்சவரு நல்ல மனுஷன்தான், குறையொண்ணும் இல்லை. அதை ஒரு ஆறுதலா சொல்லிக்க எனக்கு வாய் வரலை.

பொஞ்சாதிக்குப் பிரசவம் நெருங்க நெருங்க அவளால குனிய முடியலை. ஒருநாள் காலையில மாமி வந்து நின்னு, "நகரு புள்ள"ன்னாங்க. நான் பதறி எந்திரிக்கப் பாத்தேன். "படுங்க மாப்புள. நீங்களும் எனக்குப் புள்ளைதான்"னு சொல்லிட்டு, பத்து வருஷமா செஞ்சவங்க மாதிரி கையைக் குழிச்சுக்கிட்டு ஆரம்பிச்சாங்க. குழந்தை பொறந்து அவ தேறி வந்த பிறகும் மாமி அந்த வேலையை விட்டுக் கொடுக்கலை. கதவெல்லாம் திறந்தே கெடந்துச்சு. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க பேசிக்கிட்டே வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. வெத்திலையை விட்டேன், சிகரெட்டைத் தூக்கிப் போட்டேன். படிக்கத்தை அவங்களே கழுவப் போவாங்க. வேணாம் மாமின்னு நான் கெஞ்சுவேன். அவங்க ஒரு வார்த்தை கடிஞ்சதில்லை. அதுதான் எனக்குத் தாங்கலை.

தம்பிக்கு மட்டும் உண்மை தெரியாது. சைகோனுக்கு இதை என்னன்னு சொல்லி அனுப்புறது? உன் நானா கதவைச் சாத்துனதால நீ தனியாளா நிக்கிறேன்னா? நேர்ல வரட்டும், சொல்லிக்கலாம்னு தள்ளிக்கிட்டே போனேன்.

சில வருஷம் கழிச்சு அவன் வந்தான். சொல்லாம கொள்ளாம வந்துட்டான். காலை நேரம். நான் தொங்கிக்கிட்டிருக்கேன், மாமி அடிச்சுக்கிட்டிருக்காங்க. வாசல்ல ஸலாம் சொல்ற குரல் கேட்டுச்சு. தலைகீழா கெடந்தவனுக்கு அவன் காலு மட்டும்தான் தெரிஞ்சுச்சு. பளபளன்னு பூட்ஸ். மாமி ஒரு கையால முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு ஸலாமுக்குப் பதில் சொன்னாங்க.

அவன் சிரிச்சான். அதே பழைய சிரிப்புதான். "என்னா மாமி, இது நல்லாருக்கே! நானா சீக்காளின்னுதானே அன்னைக்கு எனக்குப் பொண்ணு தர மாட்டேன்னீங்க? இப்ப நீங்களே உக்காந்து வைத்தியம் பாக்குறீங்க?"

கேலிதான். அதுல ஒரு பொட்டு வெஷம் கிடையாது. இத்தனை வருஷமா அந்தக் காரணத்தோட அவன் சமாதானமா வாழ்ந்துட்டான். சீக்குன்னா யாரு மேலயும் கோவம் இல்லாம இருக்கலாமே. என் முதுகுல அடிச்சுக்கிட்டிருந்த மாமி கை அப்படியே நின்னுச்சு. அவங்க மூச்சை இழுத்தாங்க, சொல்லத்தான் போறாங்கன்னு புரிஞ்சுச்சு.

நான் துண்டால வாயைத் துடைச்சுக்கிட்டேன். அவன் பூட்ஸைப் பாத்துக்கிட்டே, "ஆமாடா தம்பி, என் சீக்குதான்"னு சொன்னேன்.

மாமி கை வச்ச எடத்துலயே இருந்துச்சு. அன்னைக்கு அதுக்கு மேல அவங்க அடிக்கலை.